கழுகுக்குன்றமும் நம் கடமையும்

திருச்சிற்றம்பலம்.



'இரும்' என்பது பெருமை குறிக்கும் சொல். ஆகவே இரும்புலியூர் என்னும் இவ்வூர்ப் பெயர் பெரும்புலியின் ஊர் என்று பொருள்கொள்ள இடந்தருகிறது. இன்று இங்கே புலி இல்லை. புலியைக் காண விழைவோர் அண்மையிலுள்ள வண்டலூர் உயிரியல் பூங்காவிற்குச் சென்று வேலிக்கு அப்பால் காணல் வேண்டும். உயிர் போய்ப் பெயர் மட்டும் எஞ்சியது.

இவ்வூர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் தெற்கே செங்கற்பட்டை அடைந்து, அங்கிருந்து தென்கிழக்கே சென்றால் திருக்கழுக்குன்றம். மூவர் முதலிகளின் பாடல் பெற்ற தலம். வேதமே மலையாக நிற்க அதன்மேல் வேதகிரீசுவரர் எழுந்தருளிய தலம். பட்சி தீர்த்தம் என்றும் அதனை வழங்குவர். யுகந்தோறும் இரு கழுகுகள் அங்கே ஈசனை வழிபடும் என்றும், திரேதாயுகத்தில் வழிபட்டவை சம்பாதியும் சடாயுவும் என்றும் தலபுராண மரபு கூறும். நண்பகலில் அர்ச்சகர் பாறைமீது அமர்ந்து சர்க்கரைப் பொங்கல் ஏந்தி நிற்க, வெண்ணிறப் பறவைகள் இரண்டு வானினின்று இறங்கி உண்டு செல்லும். 17ஆம் நூற்றாண்டிலேயே சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர் அக்காட்சியைக் கண்டு எழுதிவைத்தனர். இச்சபையிலுள்ள முதியோரும் கண்டிருப்பீர்கள். 1990களின் இறுதியோடு அவ்வருகை நின்றது.

ஏன் வரவில்லை என்று கேட்டால், 'கலி முற்றிவிட்டது' என்று பெருமூச்சு விடுகிறோம். அன்பர்களே, கலியின்மேல் பழிபோடுவது எளிது. அப்பறவைகள் எவை, அவற்றுக்கு நேர்ந்தது யாது என்று ஆராய்வோமாக.

அவை மஞ்சள்முகப் பாறு என்னும் கழுகினம். பாறு என்பது பழந்தமிழ்ச் சொல். உலகத்தார் இவ்வினத்தைப் பிணந்தின்னி என்று இகழ்வர். சுடலையில் ஆடும் பெருமானை வழிபடும் நாம் அவ்வாறு இகழலாமா? இறந்த விலங்கின் உடலில் பெருகும் கொடிய நோய்க்கிருமிகளும் பாறின் இரைப்பை அமிலத்தில் அழிந்துபடும். பிறர் தாங்கவொண்ணா நஞ்சைத் தன் வயிற்றில் அடக்கி ஊரைக் காக்கிறது அப்பறவை. ஆலகாலத்தை உண்டு தேவரைக் காத்த நீலகண்டப் பெருமானின் திருத்தொண்டில் ஒரு சிறு கூற்றை அது தன் தொழிலாகக் கொண்டது எனலாம்.

அத்தகைய பறவையாலும் செரிக்கவியலாத நஞ்சொன்றை மனிதராகிய நாம் ஆக்கினோம். அது பகைமையால் இட்ட நஞ்சன்று, பரிவால் இட்டது. நோவால் வருந்தும் பசுவுக்கு டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி ஊசி போட்டனர். அம்மருந்து பெற்ற சின்னாட்களில் பசு இறப்பின், அவ்வுடலை உண்ட பாறின் சிறுநீரகம் பழுதுபட்டு, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெண்மையாய்ப் படிந்து, அது மாண்டுபோகிறது. இவ்வுண்மையை 2004இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அதற்குள் பெருங்கேடு விளைந்திருந்தது. 1992 முதல் 2007 வரை இந்தியாவில் எடுத்த கணக்குகளில், வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்தன. திருக்கழுக்குன்றத்தின் இணை மறைந்த அதே காலத்தில் மஞ்சள்முகப் பாறும் நாடெங்கும் அருகிற்று.

பாறு குறைந்த இடங்களில் இறந்த கால்நடைகள் தெருநாய்களுக்கு இரையாயின, நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியின் அச்சமும் உடன் வளர்ந்தது. ஓருயிரின் அழிவு அவ்வுயிரோடு நிற்பதில்லை.

அரசினர் வாளாவிருந்தாரல்லர். கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் தருவதை 2006இல் தடுத்தனர். மனிதர்க்கென விற்ற பெரிய மருந்துக் குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்தும் வழக்கம் நீடித்தமையால், 2015இல் ஒருவேளை அளவுள்ள சிறு குப்பியே விற்கலாம் என விதித்தனர். கீட்டோபுரோபென், அசெக்ளோபினாக் என்பனவும் 2023இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. பாறுகளைக் காக்கத் தமிழக அரசு 2022இல் ஒரு குழுவும் அமைத்தது. நீலகிரி அடிவாரத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கு, முதுமலை, சத்தியமங்கலம் ஆகிய காடுகளில் எஞ்சியவை கூடுகட்டி வாழ்கின்றன. வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். ஆதலின் ஒன்றை இழப்பது எளிது, ஈடுசெய்வது அரிது.

சட்டம் காகிதத்தில் நின்றால் போதாது. தொழுவத்திற்கு வந்து சேரவேண்டும். இப்பகுதியில் மாடு வளர்ப்போர் இன்றும் உளர். பசுவுக்கு நோவு கண்டால், மனிதர்க்குரிய ஊசியை மருந்துக் கடையில் வாங்கித் தாமே போடலாகாது. கால்நடை மருத்துவரை அழைத்து, பாறுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகாம் போன்ற மருந்தைக் கேட்டுப் பெறுக. நாயையோ வேறு விலங்கையோ கொல்லக் கருதி இறந்த உடலில் நஞ்சு தடவுவது பெரும்பாவம். செப்டம்பர் முதற் சனிக்கிழமை உலகெங்கும் பாறு விழிப்புணர்வு நாளாகப் போற்றப்படுகிறது. அன்று நம் ஆலயத்திலும் பிள்ளைகளுக்கு இச்செய்தியைச் சொல்லலாம்.

ஆனைக்காவில் சிலந்திக்கும் ஆனைக்கும் அருளினான். எறும்பியூரில் எறும்புக்கு அருளினான். புள்ளிருக்குவேளூரில் புள்ளாகிய சடாயு வழிபட, அத்தலப் பெயரிலேயே அப்பறவைக்கு இடந்தந்தான். அங்குள்ள சடாயு குண்டம், இராமபிரான் அப்பறவைக்கு ஈமக்கடன் ஆற்றிய இடம் எனப் போற்றப்படுகிறது. ஒரு கழுகை அவதார புருடனே தந்தைபோல் மதித்தான். சிவன் ஏற்ற அடியாரை அழியவிட்டுச் சிவனை வழிபடுவது எவ்வாறு நிறைவுறும்?

புலியூரில் பெயர் மட்டும் எஞ்சிற்று. கழுகுக்குன்றத்துக்கும் அந்நிலையே முடிவாகலாகாது. அவை மீண்டும் இறங்குவது ஈசன் திருவுள்ளம். இறங்கும் பறவைக்கு நஞ்சற்ற நிலத்தை வைத்திருப்பது நம் கடன்.

எவ்வுயிரும் இன்புற்று வாழ்க.

திருச்சிற்றம்பலம்.