மஞ்சக்குப்பம் வழக்கும் நம் காலத்துப் புலம்பலும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



‘மனிதர்கள் முன்பைவிடக் கெட்டுவிட்டார்களா?’ என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. ‘ஆம்’ என்று நான் முழங்க வேண்டும் என்பது தலைப்பைத் தேர்ந்த நண்பர்களின் விருப்பமாக இருக்கலாம். ஏனெனில் இந்தப் பத்தாண்டுகளில் நம் மாதக் கூட்டங்களில் மிகுதியாக ஒலித்தது கவிதை வரி எதுவும் அன்று. “அந்தக் காலத்துப் புலவர்கள் இப்படியா நடந்துகொண்டார்கள்?” என்ற பெருமூச்சே மிகுதியாக ஒலித்தது. கவியரங்கில் தம் கவிதையைப் படித்துக் கைதட்டு வாங்கியதும், அடுத்தவர் கவிதைக்குச் செவிகொடாமல் பேருந்து நிலையத்துக்கு விரைகிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் ஒரு சந்திப்பிழைக்காக ஒருவர் குலத்தையே இழுக்கிறவர்களும் உண்டு. பெருமூச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஆனால், அந்தக் காலம் என்பது எந்தக் காலம்? அதைத் தேடிச் சங்கம் வரை போக வேண்டியதில்லை. நம் குறிஞ்சிப்பாடிக்கு ஒருபுறம் வடலூர், மறுபுறம் கடலூர். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் தமிழ்ப் புலமை உலகின் பெரும் வசைப்போர் ஒன்று நடந்தது.

மருதூரில் 1823-ல் பிறந்த இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-ல் ‘திருவருட்பா’ என்னும் பெயரில் பதிப்பித்தார். அதே ஆண்டு மே 23-ல் வடலூரில் தருமச்சாலை திறக்கப்பட்டது. ‘அருட்பா’, ‘திருமுறை’ ஆகிய பெயர்கள் தேவார திருவாசகம் முதலியவற்றுக்கே உரியவை என்று கொண்ட யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் வெகுண்டெழுந்தார். மறுப்பு நூல் வந்தது. அதற்கு மறுப்பு வந்தது. 1869-ல் சச்சரவு மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தின் படியேறியது. அடிகள் உள்ளே வந்தபோது நாவலரே எழுந்து நின்றார் என்று ஒரு கதை நம் பக்கத்தில் செவிவழியாக வழங்குகிறது. அதை நான் வரலாறாகக் கொள்வதில்லை. நம் முன்னோர் அப்படித்தான் நடந்திருப்பார்கள் என நாம் விரும்புவதற்கு அது சான்று, அவ்வளவே.

வரலாறு கசப்பானது. அடிகள் 1874-லும் நாவலர் 1879-லும் மறைந்த பின்னும் துண்டறிக்கைகள் நிற்கவில்லை. 1900-களின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை மருட்பாக் கட்சியை மீண்டும் தூக்கினார். கோட்டாற்றிலிருந்து செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இசுலாமியப் புலவர் அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்டார். அக்கண்டனங்களை ப. சரவணன் திரட்டி 2010-ல் பெருநூலாக வெளியிட்டார். படித்துப் பாருங்கள். பிறப்பு, சாதி, உடல், ஒழுக்கம் என எதையும் விட்டுவைக்காத ஏச்சு. வேற்றுமை என்னவென்றால், அவர்கள் ஏசினாலும் இலக்கணப் பிழையின்றி ஏசினார்கள். நம் குழுவில் அதுவும் இல்லை. இந்த ஒன்றில் மட்டும் நாம் தேய்ந்துவிட்டோம் என ஒப்புக்கொள்கிறேன்.

இதைச் சொல்வது அப்பெரியோரைச் சிறுமைப்படுத்த அன்று. நாவலர் 1864-ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். 1877-ல் பஞ்சம் வந்தபோது யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு ஊற்றியவர். வடலூர் அடுப்போ இன்றும் எரிகிறது. ஆக, எதிரெதிர்க் கட்சிகளின் தலைவர்கள் இருவருமே பசித்தவனுக்கு உணவிட்டவர்கள். எழுதுகோலைப் பிடிக்கும்போது கண் சிவக்கிறவரே அகப்பையைப் பிடிக்கும்போது கனிந்துவிடுகிறார். இவரை நல்லவர் கணக்கில் எழுதுவதா, கெட்டவர் கணக்கில் எழுதுவதா? ஒரு தனி மனிதருக்கே கணக்கு எழுத முடியாதபோது ஒரு காலத்துக்கு எப்படி எழுதுவது?

இன்னும் பின்னே போவோர்க்கு வள்ளுவரின் அதிகாரத் தலைப்புகளே போதும். கூடாவொழுக்கம், கள்ளாமை, பிறனில் விழையாமை, புறங்கூறாமை, சூது, கயமை. திருட்டே இல்லாத ஊரில் கள்ளாமைக்குப் பத்துக் குறள் எதற்கு?

2023-ஆம் ஆண்டு ஆடம் மாஸ்ட்ரோயன்னி, டேனியல் கில்பர்ட் ஆகிய இரு உளவியலாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குறைந்தது அறுபது நாடுகளில் மக்கள் ‘ஒழுக்கம் குறைந்துவருகிறது’ என்று நம்புகிறார்கள். குறைந்தது எழுபது ஆண்டுகளாக இப்படியே நம்பி வந்திருக்கிறார்கள். ஆனால், உடனிருப்போர் நடத்தை பற்றிக் கேட்டபோது ஆண்டுதோறும் அவர்கள் தந்த விடை ஏறக்குறைய மாறவேயில்லை. தீச்செய்தி நம் காதுக்கு முந்தி வருகிறது; பழைய தீமையின் கசப்போ நாளடைவில் மங்கிவிடுகிறது. இவ்விரண்டும் சேர்ந்தே இம்மயக்கத்தை உண்டாக்குகின்றன என்பது அவர்கள் கருத்து. எனக்கு இது பெரிதும் ஒப்பத்தக்கதாகவே படுகிறது. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு, ‘எல்லாம் அன்றும் இன்றும் ஒன்றே’ என்று கைகழுவ என் மனம் இடங்கொடுக்கவில்லை. அதற்குக் காரணமும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் ஓர் இளம் தம்பதி கொல்லப்பட்டனர். அவன் தலித், பொறியியல் படித்தவன். அவள் வேறு சாதி. நஞ்சு ஊற்றிக் கொன்று எரித்தார்கள். கடலூர்ச் சிறப்பு நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. தண்டிக்கப்பட்ட 13 பேரில் காவல்துறையினர் இருவரும் அடக்கம். 2025-ல் உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. இந்தக் கொடுமையைப் பேசும்போது நம்மில் சிலர், “காலம் கெட்டுவிட்டது” என்கிறார்கள். நான் மாறாகக் கேட்கிறேன். அக்கொலையைச் செய்தவர்கள் புதுமையால் கெட்டவர்களா? பழைய ஒழுங்கை விடாமல் காத்தவர்கள் அல்லவா? அந்த ஒழுங்குக்குத்தானே ‘அந்தக் காலத்தில் எல்லாரும் அடங்கி நடந்தார்கள்’ என்று நாம் பாராட்டுரை வழங்குகிறோம்? துண்டை இடுப்பில் கட்டித் தெருவோரம் ஒதுங்கி நின்றவனுடைய மௌனத்தை ஊரின் நன்னடத்தையாக எழுதிவைத்தவர்கள் நாம். 1916-ல் சிதம்பரத்தில் சகஜானந்தர் நந்தனார் கல்விக்கழகத்தை நிறுவி அந்த மௌனத்துக்கு எழுத்தறிவித்தபோது, ‘மரியாதை போயிற்று’ என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருக்க மாட்டார்களா?

ஆகவே தலைப்புக்கு என் விடை: பொதுவில் மனிதர் கெடவில்லை. கெட்டது மறைந்தும் விடவில்லை. முன்பு வழக்கம் என்றிருந்தது இப்போது வழக்காகிறது. பதினெட்டு ஆண்டு ஆனாலும் தீர்ப்பு வருகிறது. எனக்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

நம் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தில் புதுக் கவிதை எதுவும் வேண்டா. அருட்பாக் கட்சியின் கண்டனத்தை ஒருவரும் மருட்பாக் கட்சியின் கண்டனத்தை மற்றொருவரும் உரக்கப் படிக்கட்டும். கதவைச் சாத்திக்கொள்வது நலம். பிள்ளைகள் கேட்கத் தகாத சொற்கள் பல உள்ளன. படித்து முடிந்ததும் தேநீர். அதுவரை யாரும் பேருந்துக்குப் போகலாகாது.