படகு டேங்க் எங்கே காலியாகுது?

போன வருஷம் மதுரையிலிருந்து நாங்க ஆறு பேர் ஆலப்புழா போனோம். ஒரு ராத்திரி ஹவுஸ்போட்ல தங்கல். கரிமீன், காயல் காத்துன்னு எல்லாம் அமோகம். நடுராத்திரி பாத்ரூம்ல ஃபிளஷ் பண்ணினப்பதான் தோணுச்சு, இது எங்கே போகுது?

காலையில படகுல சமைக்கிற சேட்டன்கிட்ட கேட்டேன். "டேங்க் இருக்கு" என்றார். டேங்க் நிறைஞ்சா? சிரிச்சுட்டு புட்டு எடுக்கப் போயிட்டார். எதிர்க்கரையில ஒரு அம்மா அதே தண்ணியில பாத்திரம் கழுவிட்டிருந்தாங்க.

வேம்பநாட்டுக் காயல் 2002-லேயே ராம்சர் பட்டியல்ல சேர்ந்த சதுப்பு நிலம். ஆனா குட்டநாட்டு வயல்ல உப்பு ஏறாம இருக்க, கோடையில தண்ணீர்முக்கம் தடுப்பணை ஷட்டரை இறக்கிடுவாங்க. அப்போ கடல் ஓதம் உள்ளே வராது. விழுந்த அழுக்கு அங்கேயே கிடக்கும்.

சட்டம் இல்லாமலா? இருக்கு. ஆத்துலயும் குளத்துலயும் கழிவைக் கலக்கக்கூடாதுன்னு 1974-லேயே நீர் மாசுத் தடுப்புச் சட்டம் சொல்லிடுச்சு. 1917-ல வெள்ளைக்காரன் போட்ட உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை எடுத்துட்டு 2021-ல புதுசு கொண்டுவந்தாங்க. அதுல இன்ஜின் படகுகளோட மாசுக்குன்னே தனி அத்தியாயம். கழிவைத் தண்ணியில விடக்கூடாது, அதை வாங்கிக்கிற வசதி கரையில இருக்கணும்.

எனக்கு முக்கியமாப் படுறது அந்தக் கரை வசதிதான். யோசிங்க. டேங்கை உறிஞ்சி எடுக்குற இடத்துக்குப் போனா டீசல் செலவு, வரிசை, கட்டணம். இருட்டுல வால்வைத் திறந்தா ஒரு நிமிஷம், காசும் இல்ல. சோதனைக்கு வர்றவங்க டேங்க் இருக்கான்னு மட்டும் பார்த்தா எல்லாப் படகும் பாஸ். டேங்கை எத்தனை தடவை உறிஞ்சி எடுத்தீங்க, ரசீதைக் காட்டுங்கன்னு கேட்டுட்டு லைசென்ஸைப் புதுப்பிக்கணும். இது என் கருத்து.

"மதுரைக்காரனுக்கு எதுக்குடா காயல் கவலை?"ன்னு கேப்பீங்க. தெப்பக்குளத்துப் படகுல கக்கூஸ் ஏது! ஆனா நாம லீவுக்குப் படகுச் சவாரி போற தேக்கடி ஏரி இருக்கே, அது 1895-ல பென்னிகுயிக் கட்டி முடிச்ச முல்லைப்பெரியாறு அணையில தேங்குற தண்ணி. தேக்கடி ஷட்டர் வழியா சுரங்கத்துல மலையைத் தாண்டி, லோயர் கேம்ப், வைகை அணைன்னு சுத்தி நம்ம வீட்டுக் குழாய்க்கு வருது. நல்லவேளை, அங்கே பகல் சவாரி மட்டும்தான். ராத்தங்குற படகு கிடையாது. நாளைக்கு யாராவது வைகை அணையில ஹவுஸ்போட் விடலாம்னு கிளம்பினா, நான் முதல்ல கேக்கப்போறது கரையில என்ன கட்டியிருக்கீங்கன்னுதான்.

மறுபடி ஆலப்புழா போக இந்த மாசம் மூணு படகுக்காரங்களுக்குப் போன் போட்டு, டேங்க் ரசீது இருக்கான்னு கேட்டேன். ஒருத்தர் "என்ன ரசீது?" என்றார். ஒருத்தர் போனை வச்சுட்டார். மூணாவது ஆள் வாட்ஸ்அப்ல அனுப்பினார். அவர் படகைத்தான் புக் பண்ணியிருக்கோம்.