வாதுமை விண்மீன்கள்



ஒரு நாட்டு மக்களை அறிய வேண்டுமாயின் அவர்களுடைய நூல்களைப் படிக்க வேண்டும் என்று பெரியோர் சொல்வர். அது உண்மையே. ஆயினும், நூல்களைப் படிப்பதோடு அவர்களுடைய அடுக்களையையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். ஆதலால், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு தின்பண்டம். ஜெர்மன் நாட்டில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கெனச் செய்யப்படும் வாதுமைப் பிஸ்கோத்து அது. பாதாம் பருப்பு என்று நாம் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த வாதுமையை அரைத்து, விண்மீன் வடிவில் வெட்டி, மேலே வெண்மையான சர்க்கரைப் பூச்சுப் பூசிச் சுடுவர். ‘ட்ஸிம்ட்ஷ்டெர்ன’ என்பது அதன் பெயர். இலவங்கப்பட்டை விண்மீன்கள் என்பது அச்சொல்லின் பொருள்.

1983ஆம் ஆண்டு நான் தென்மேற்கு ஜெர்மனியில் உள்ள ட்யூபிங்கன் நகரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். நெக்கர் ஆற்றங்கரையில் அமைந்த சிறிய நகரம் அது. அங்குள்ள பல்கலைக்கழகம் 1477ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. நான் குடியிருந்த அறை, அறுபது வயது நிரம்பிய ஓர் அம்மையாரின் வீட்டு மாடியில் இருந்தது. அப்பகுதியினரைச் ஸ்வாபியர் என்பர். சிக்கனத்துக்குப் பெயர் போனவர்கள். ஒரு கைப்பிடி மாவைக்கூட வீணாக்க மாட்டார்கள். ஆனால் கிறிஸ்துமசுக்கு முன்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அடங்கிய ‘அட்வெந்து’ காலம் வந்துவிட்டால், அந்தச் சிக்கனக்காரர்களின் வீடுகளிலேயே வெண்ணெயும் சர்க்கரையும் வாதுமையும் தாராளமாகப் புழங்கும். பலவகைப் பிஸ்கோத்துகளைச் சுட்டுத் தகரப் பெட்டிகளில் அடுக்கி வைப்பர். அவற்றுள் தலைமை பெற்றது நம் வாதுமை விண்மீன்.

டிசம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை மாலை. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அம்மையார் என்னைக் கீழே அழைத்து, “வீட்டை நினைத்துக்கொண்டு அறையில் தனியே உட்கார்ந்திருப்பானேன்? வந்து உதவி செய்யுங்கள்” என்றார். நான் கைகளைக் கழுவிக்கொண்டு சென்றேன்.

முதலில் அவர் மூன்று முட்டைகளை உடைத்து வெண்கருவைத் தனியே பிரித்தார். மஞ்சட்கரு ஒரு துளியும் கலந்துவிடக் கூடாது என்று எச்சரித்தார். ஏன் என்று கேட்டேன். “கலந்தால் நுரை எழும்பாது” என்றார். அதற்கு உரிய காரணத்தைப் பின்னர் நூல்களில் கண்டேன். வெண்கருவை அடிக்கும்போது, சுருண்டு கிடக்கும் புரத இழைகள் விரிந்து ஒன்றோடொன்று பின்னி, காற்றுக் குமிழிகளைச் சூழ்ந்து நிற்கின்றன. அதனால் நுரை உண்டாகிறது. மஞ்சட்கருவில் உள்ள கொழுப்பு இடையே புகுந்தால் அப்பின்னல் கெட்டுவிடுகிறது. சர்க்கரை சேரும்போதோ அந்நுரை நிலைபெற்று, பட்டுப்போல் பளபளக்கிறது.

நுரை நன்றாகத் திரண்டதும் 250 கிராம் சர்க்கரைத் தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்தோம். அதில் ஒரு சிறு கிண்ணம் அளவு எடுத்து மூடி வைத்தார். மேற்பூச்சு அதுவே. எஞ்சியதில் தோல் நீக்காமல் அரைத்த வாதுமை மாவு ஏறத்தாழ 400 கிராமும், இரண்டு தேக்கரண்டி இலவங்கப்பட்டைத் தூளும் சேர்த்துப் பிசைந்தோம். கோதுமை மாவு சிறிதும் சேர்க்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். வாதுமையும் வெண்கருவும் சர்க்கரையுமே இப்பண்டத்தின் உடல். நம் தூத்துக்குடி மக்ரூனும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கே வாதுமை இருக்கும் இடத்தில் இங்கே முந்திரி இருக்கிறது, அவ்வளவே.

பட்டையைப் பற்றி ஒரு செய்தி. அம்மையார் கடைக்குச் சென்றால் இலங்கைப் பட்டையைத்தான் கேட்டு வாங்குவார். மெல்லிய பல சுருள்கள் ஒன்றனுள் ஒன்றாக அடங்கியிருப்பது இலங்கைப் பட்டை. தடித்த ஒரே சுருளாக இருப்பது சீனப் பட்டை எனப்படும் மற்றொரு வகை. இலங்கைப் பட்டையின் மணம் மென்மையானது என்பதே அவர் சொன்ன காரணம். ஆனால் 2006ஆம் ஆண்டு ஜெர்மனியில் இதுபற்றி ஒரு பெரிய பரபரப்பு எழுந்தது. சீனப் பட்டையில் கூமரின் என்னும் பொருள் மிகுதியாக உண்டு. அதை அளவுக்கு மிஞ்சி உண்டால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்படக்கூடும். கிறிஸ்துமஸ் பிஸ்கோத்துகள் பலவற்றில் அது வரம்பு கடந்திருப்பதாக அவ்வாண்டு அந்நாட்டு அதிகாரிகள் எச்சரித்தனர். இலங்கைப் பட்டையிலோ கூமரின் மிகச் சிறிதளவே உள்ளது. இச்செய்தியைப் படித்தபோது அம்மையாரின் மூக்கு எவ்வளவு நுட்பமானது என்று வியந்தேன்.

பிசைந்த மாவை ஒரு விரற்கடைக்குச் சற்றுக் குறைந்த கனத்தில் பரப்பி, தகர அச்சினால் விண்மீன்களாக வெட்டினோம். மாவு மிகவும் ஒட்டும். ஆதலால் ஒவ்வொரு முறையும் அச்சை வெந்நீரில் நனைத்துக்கொண்டோம். அறுபது விண்மீன்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின்மேலும் வெண்ணுரையைப் பூசி, முனைகள் வரை இழுத்துவிட்டோம். இரவு முழுவதும் பூச்சு உலரட்டும் என்று இரண்டு தட்டுகளையும் மூலையில் வைத்தார். மிஞ்சிய மஞ்சட்கரு மூன்றும் மறுநாள் வேறொரு வகைப் பிஸ்கோத்துக்குப் போயின. ஸ்வாபியர் சிக்கனம் என்றேன் அல்லவா?

மறுநாள் காலை அவர் தேவாலயத்துக்குப் புறப்பட்டார். “மின் அடுப்பை 150 பாகை வெப்பத்தில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தட்டும் பன்னிரண்டு நிமிடம். இவற்றைச் சுடுகிறோம் என்று எண்ண வேண்டாம். உலர்த்துகிறோம் என்று எண்ணுங்கள். பூச்சு வெண்மையாகவே இருக்க வேண்டும்” என்று சொல்லிச் சென்றார்.

முதல் தட்டு நன்றாக வந்தது. இரண்டாவதை உள்ளே வைத்தபோது எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது. ஊருக்கு எழுதத் தொடங்கிய கடிதம் மாடியில் பாதியில் கிடந்தது. வெப்பத்தைக் கூட்டினால் வேலை விரைவில் முடியும் அல்லவா என்று எண்ணி, 200 பாகைக்குத் திருப்பிவிட்டு மேலே சென்றேன். கடிதத்தில் ஆழ்ந்துவிட்டேன். கருகல் மணம் மாடிப்படி ஏறி வந்தபோதுதான் நினைவு வந்தது. ஓடிப்போய்த் திறந்தேன். முப்பது விண்மீன்களும் பழுப்பேறிக் கிடந்தன. சர்க்கரையும் புரதமும் மிகுந்த வெப்பத்தில் கூடி நிறம் மாறும் விந்தையை 1912ஆம் ஆண்டு மையார் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். ரொட்டியின் மேலோட்டுக்கு அழகு தருவது அவ்வினைதான். என் விண்மீன்களை அழித்ததும் அதுவே.

அம்மையார் திரும்பி வந்தார். தட்டைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. என் செலவில் வாதுமை வாங்கித் தருகிறேன் என்று தடுமாறிக்கொண்டே சொன்னேன். அவர் நாற்காலியில் அமர்ந்து, என்னையும் அமரச் சொன்னார். அதன்பின் அவர் சொன்ன வரலாற்றை இன்னும் நான் மறக்கவில்லை.

அவருக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். 1942ஆம் ஆண்டு போர்முனைக்குச் சென்றவர், ஸ்டாலின்கிராடு போரில் காணாமற் போனார். 1943 பிப்ரவரியில் அங்கே சரணடைந்த ஜெர்மானியர் சுமார் 91,000 பேர். அவர்களுள் உயிருடன் ஊர் திரும்பியவர் ஏறத்தாழ 6,000 பேரே. அண்ணன் இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை. இருக்கிறார் என்ற செய்தியும் வரவில்லை. அவர்களுடைய தாயார் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் ஒரு பெட்டி விண்மீன்களைத் தனியே எடுத்து, மகனுக்கென அலமாரியின்மேல் வைப்பார். போர் முடிந்த ஆண்டுகளில் வாதுமை ஏது? ரவையில் வாதுமை எசன்ஸ் சில துளி விட்டுப் பிசைந்து விண்மீன் செய்தார்களாம். பங்கீட்டுச் சீட்டில் கிடைத்த சர்க்கரையை மாதக்கணக்கில் சேர்த்துவைத்து, பூச்சை மட்டும் உண்மையான சர்க்கரையாலேயே பூசினார்களாம்.

1955ஆம் ஆண்டு ஜெர்மன் பிரதமர் அடெனாவர் மாஸ்கோ சென்று பேசிய பின்னர், ருஷ்யாவில் எஞ்சியிருந்த கடைசிப் போர்க்கைதிகள் திரும்பத் தொடங்கினர். அவர்களோடும் அண்ணன் வரவில்லை. “அந்தக் கிறிஸ்துமசுக்குப் பிறகு என் தாயார் அழவில்லை. பெட்டியை நிறுத்தவும் இல்லை. வீட்டை விட்டுத் தொலைவில் இருக்கும் யாரேனும் ஒருவருக்கு அதைக் கொடுக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் நான் கொடுத்து வருகிறேன். இந்த ஆண்டு அது உங்களுக்கு” என்றார் அம்மையார்.

எனக்கெனச் செய்ததையே நான் கெடுத்திருக்கிறேன் என்பதை உணர்ந்தபோது என் தலை கவிழ்ந்தது. அவரோ மெல்லச் சிரித்தார். “என் அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதில் இதே வேலையைக் கொடுத்தார்கள். அவனும் வெப்பத்தைக் கூட்டிவிட்டு விளையாடப் போய்விட்டான். அன்றும் ஒரு தட்டு பழுப்பாகிவிட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்து இன்றுதான் இந்த வீட்டில் அந்த மணத்தை மறுபடியும் உணர்ந்தேன்” என்றார்.

பிறகு தகரப் பெட்டியை எடுத்து வந்தார். அடியில் வெண்மையான விண்மீன்களை அடுக்கினார். கருகாமல் பழுப்பு மட்டும் ஏறியவற்றுள் நல்லவையாகப் பொறுக்கி மேல்வரிசையில் வைத்தார். அவை இறுகிப்போகாமல் இருக்க ஓர் ஆப்பிள் துண்டையும் உள்ளே வைத்து மூடி, என் கையில் கொடுத்தார். மேல்வரிசையை நாங்கள் இருவரும் அன்று மாலையே சேர்ந்து உண்டோம். சற்றுக் கசப்புத்தான். ஆனால் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

நண்பர்களே, மத்தியதரைக்கடல் நாட்டு வாதுமையும் இலங்கைத் தீவின் பட்டையும் வடநாட்டுக் கிழங்குச் சர்க்கரையும் கூடி உருவாவது இப்பண்டம். அதைச் செய்ய அரிய திறமை எதுவும் வேண்டியதில்லை. மிதமான வெப்பமும், அதற்கேற்ற பொறுமையும் போதும். அந்தப் பொறுமையை நான் ஒரு தட்டு விண்மீன்களை இழந்து கற்றேன். பதின்மூன்று கிறிஸ்துமஸ்கள் ஒரு பெட்டியை நிரப்பிக் காத்திருந்து, காத்திருப்பு வீணானபோது அதை அயலாருக்கு வழங்கத் துணிந்த தாயிடம், அவர் மகள் அதைக் கற்றிருந்தார்.

அந்தத் தகரப் பெட்டி இன்றும் என்னிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பரில் அதை நிரப்புகிறேன். ஊரை விட்டு வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் எவரேனும் ஒருவரிடம் அது போய்ச் சேர்ந்து, காலியாகத் திரும்பி வருகிறது.