வாசலுக்கு வரும் பங்கீட்டு அரிசி
(கிராமப் பணியாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



விருதுநகர்ச் சீமை வானம் பார்த்த கரிசல் பூமி என்பதை நாம் அறிவோம். மழை பொய்த்தால் பருத்தியும் பொய்க்கும், கம்பும் பொய்க்கும். மண் கைவிட்ட மக்களுக்குத் தீப்பெட்டியும், பின்னர்ப் பட்டாசும் சோறிட்டன. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரை சென்று கற்று வந்த தொழில் இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கிராமங்களையெல்லாம் தன்னுள் இழுத்துக்கொண்டிருக்கிறது. விடியற்காலையில் ஆலை வண்டி ஊருக்குள் வருகிறது. தாயில்பட்டியிலும் ஏழாயிரம்பண்ணையிலும் கைகால் வலுவுள்ளோர் தூக்குச்சட்டியுடன் அதில் ஏறிப் போய்விடுகின்றனர். பகலில் ஊரில் எஞ்சியிருப்போர் யார்? பள்ளிப் பிள்ளைகளும், நடக்க இயலாத முதியோரும், உடல் ஊனமுற்றோருமே.

இவர்களுக்குப் பங்கீட்டு அரிசி எவ்வாறு போய்ச் சேருகிறது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி வழங்கப்படுகிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும், அட்டையில் எழுதிய அரிசி அடுப்பில் கொதிக்கும் அரிசியாவதற்கு இடையில் ஒரு தெருவோ ஒரு மைல் தூரமோ உண்டு. எழுபது வயது மூதாட்டி இருபது கிலோ மூட்டையை எப்படிச் சுமப்பார்? மகள் கூட வரலாம். ஆனால் உருப்படிக் கணக்கில் கூலி பெறும் மகள் கடை வாசலில் நிற்கும் ஒவ்வொரு நாழிகையும் அவள் கூலியில் குறைகிறது. ஆட்டோ பிடித்தால் விலையில்லா அரிசிக்கு விலை ஏறிவிடுகிறது. இன்று போகலாம், நாளை போகலாம் என்றிருந்து மாதம் முடிந்துவிட்டால், போன மாதத்து அரிசியை அடுத்த மாதம் கேட்பதற்கில்லை.

உணவைத் தேடி மனிதன் போவதற்குப் பதிலாக, மனிதனைத் தேடி உணவு வரவேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராயிருந்தபோது 1956-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கப்பெற்றதும் இந்த எண்ணத்தாலேயே. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும், விடியுமுன் ஆலைக்குப் புறப்படும் தாய்மாருக்குப் பெருந்துணையாயிற்று. பிள்ளைகளுக்குச் செய்ததை முதியோருக்குச் செய்யத்தான் நமக்கு இத்தனை காலம் பிடித்தது.

2025 ஆகஸ்ட் 12 அன்று தமிழ்நாடு அரசு தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கியது. தாயாக வந்து பேறு பார்த்தருளிய திருச்சி மலைக்கோட்டை இறைவனின் பெயர் அது. பெயரிட்டவர்க்கு நம் பாராட்டு. எழுபது வயது கடந்த முதியோரும் மாற்றுத்திறனாளிகளுமாக 16,73,333 அட்டைகளைச் சேர்ந்த 21,70,454 பேருக்கு வீட்டு வாசலிலேயே பொருள் வழங்குவது என்று தொடக்கத்தில் கணக்கிடப்பட்டது. இதற்கான கூடுதல் செலவு 30.16 கோடி ரூபாய் என்று அறிவித்தனர். பெருந்தொகையாகத் தோன்றலாம், அட்டைக்குப் பகுத்துப் பார்த்தால் 180 ரூபாய் அளவே வருகிறது. ஒரு மூதாட்டி சில மாதங்கள் கடைக்குப் போய் வர ஆட்டோவுக்குக் கொடுப்பதைவிட இது மிகுதியன்று.

பிற இடங்களில் நடந்ததையும் நாம் அறிந்திருத்தல் நலம். அண்டை மாநிலமான ஆந்திரம் 2021-இல் 9,260 வண்டிகளை விட்டு, எல்லா அட்டைதாரர்க்கும் வீதிதோறும் பொருள் வழங்க முற்பட்டது. வண்டி தெருமுனையில் நிற்க, மக்கள் அங்கே கூடி நிற்கவேண்டியதாயிற்று என்ற குறை எழுந்தது. 2025 ஜூன் முதல் வண்டிகளை நிறுத்தி மீண்டும் கடைகளுக்கே திரும்பினர். ஆனால் 65 வயது கடந்தோர்க்கும் ஊனமுற்றோர்க்கும் மட்டும் வீட்டில் கொண்டு கொடுப்பதைக் கைவிடவில்லை. நடக்கக்கூடியவர் நடக்கட்டும், நடக்க இயலாதவர் வாசலுக்கே வண்டி போகட்டும் என்ற இந்த முடிவு சரியானதென்றே நாம் கருதுகிறோம்.

அமெரிக்க நாட்டில் ஏழைகளுக்கான உணவு உதவிக்கு ஸ்நாப் என்று பெயர். அந்த உதவியைக் கொண்டு இணையவழி மளிகை வாங்கும் சோதனை 2019 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிற்று. மறு ஆண்டு கொரோனா பரவியபோது பல மாநிலங்களுக்கு விரைந்து பரவிற்று. ஆயினும் உதவிப் பணத்தை உணவுக்கு மட்டுமே செலவிடலாம். வீட்டுக்குக் கொண்டுவரும் கூலியை அதிலிருந்து செலுத்த விதி இடம் தரவில்லை. அந்தக் கூலியைக் கொடுக்க இயலாத கிழவர் அங்கேயும் கடைக்கே நடக்கிறார். நம்மிடத்தில் கொண்டுவரும் செலவை அரசு ஏற்றது. இந்த ஒன்றில் நம் ஏற்பாடே மேலானது.

ஆனால் வண்டி வாசலுக்கு வந்துவிட்டாற் போதுமா? இங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

வண்டியில் மின்னணுத் தராசும் கைரேகைக் கருவியும் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. தராசு வண்டிக்குள்ளேயே இருந்து, கட்டிய பை மட்டும் இறங்கக்கூடாது. பாட்டியின் கண்ணெதிரே, அவர் வீட்டுத் திண்ணையிலோ வாசலிலோ எடை போடவேண்டும். "கண் சரியாகத் தெரியவில்லை, ஐயா" என்றால், எண்ணை உரக்கப் படித்துச் சொல்லவேண்டும். கடையிலே நாலு பேர் சூழ நின்று எடையைப் பார்ப்பார்கள். தனித்திருக்கும் முதியவரின் வாசலில் அந்த நாலு பேர் இல்லை. இதை விற்பனையாளரும் கட்டுநரும் மறக்கலாகாது.

அடுத்தது கைரேகை. வாழ்நாளெல்லாம் காகிதக் குழல் சுற்றியும், பசை தடவியும், மருந்து கையாண்டும் உழைத்த விரலில் ரேகை தேய்ந்திருப்பது வியப்பன்று. கருவி ஏற்காவிட்டால், "பதியவில்லை, பாட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு வண்டியை நகர்த்துவது எளிது. விபத்தில் விரலையே இழந்தவர் என்ன செய்வார்? 2012-இல் முதலிப்பட்டியிலும் 2021-இல் அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடி விபத்துகளை இந்த வட்டாரம் மறக்கவில்லை. உயிர் தப்பினாலும் பழைய உடலோடு மீளாதவர்கள் இத்தகைய விபத்துகளின்பின் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றனர். கருவிழியைப் பதியும் கருவி நம் கடைகளுக்குப் படிப்படியாக வந்திருக்கிறது. வர இயலாதவர், தமக்காகப் பொருள் பெற்றுத்தர ஒருவரைப் படிவத்தில் குறித்து ஒப்புதல் பெறும் வழியும் உண்டு. இவற்றை வண்டி வரும் நாளில் எடுத்துச் சொல்லிப் பயனில்லை. அதற்கு முன்பே அந்த வீட்டுக்குப் போய்ப் படிவத்தை எழுதி வாங்கிவிட வேண்டும்.

மூன்றாவது, சிறிய சங்கதி. ஆனால் நம் வட்டாரத்துக்கே உரியது. அரிசிக்குக் காசு வேண்டாம். பருப்புக்கும் எண்ணெய்க்கும் 55 ரூபாய் வேண்டும், சர்க்கரைக்குத் தனி. மாதத்தின் இரண்டாவது சனியும் ஞாயிறும் வழங்கும் நாட்கள் என்று தொடக்கத்தில் குறிக்கப்பட்டது. வாரக் கூலி வாங்கும் குடும்பத்தில் காசு கைக்கு வருவது சனிக்கிழமை மாலையில். அன்று காலை வண்டி வந்தால், வீட்டில் தனித்திருக்கும் கிழவரிடம் ஐம்பது ரூபாய் இராது. "பருப்பு வேண்டாம், அரிசி மட்டும் போதும்" என்று அவர் சொல்லிவிடுவார். அது வேண்டாமையால் சொன்ன சொல்லன்று. ஆகையால் ஆலைக் கிராமங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக்கொண்டு, ஆலைத் தொழில் குறைந்த கிராமங்களைச் சனிக்கிழமையில் முடிப்பது நலம். ஞாயிறன்று பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். மூட்டையை உள்ளே தூக்கி வைக்கவும் ஆள் கிடைக்கும்.

பண்டிகையை ஒட்டி நாள் மாறுவதும் உண்டு. மாறிய நாளைக் கடைப் பலகையில் மட்டும் எழுதி வைப்பதால் யாது பயன்? கடைக்கு வர இயலாதவருக்காகத்தானே இந்த வண்டி! தேநீர்க் கடையிலும், ஆலை வண்டி நிற்கும் இடத்திலும், பள்ளிப் பிள்ளைகள் வாயிலாகவும் செய்தி போகவேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவினர் தெருவுக்கு ஒருவராக இதை ஏற்றுக்கொண்டால் இன்னும் எளிது. பொருள் குறைந்தாலோ, வண்டி வாராவிட்டாலோ 1967 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் முறையிடலாம். அந்த எண்ணை அட்டையின் உறையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.