பாலைவனத்து வீட்டில் நான்கு நாட்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அமெரிக்காவுல இருக்கீங்க, மாணவர்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது பேசுங்க, பத்து நிமிஷம் போதும்" என்றார். மேற்படிப்பு, வேலை, விசா பற்றியெல்லாம் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே நான் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போன கதையைச் சொல்கிறேன். அதில் நான் ஒரு தப்பு செய்தேன். மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஏர்கண்டிஷனிங் துறையில் பத்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய ஒருவன் செய்யவே கூடாத தப்பு அது.

2023 ஏப்ரல். அப்பாவும் அம்மாவும் எங்களோடு இருக்க கலிபோர்னியா வந்திருந்தார்கள். கடற்கரை, பாலம், பெரிய கடை எல்லாம் காட்டி முடித்தாயிற்று. அப்பாவுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. "பாலைவனம்னு சொல்றாங்களே, அதைக் காட்டு தம்பி" என்றார். அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்தவர். தண்ணியில்லாக் காடு என்று ஊரார் கேலி பேசுவதைக் கேட்டே வயதானவர். நம்மைவிட மோசமான ஊர் ஒன்று உண்டா என்று பார்க்க ஆசைப்பட்டார் போலிருக்கிறது.

நாங்கள் போன ஊரின் பெயர் பொரேகோ ஸ்பிரிங்ஸ். சான்டியாகோ நகரிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். மலைமேல் ஏறி, அந்தப் பக்கம் வளைந்து வளைந்து இறங்கினால் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு பள்ளத்தாக்கு. ஊரில் சுமார் 3,000 பேர். டிராஃபிக் சிக்னல் ஒன்றுகூடக் கிடையாது. நடுவில் ஒரு ரவுண்டானா, அதைச் சுற்றி நாலு கடை, அவ்வளவுதான் ஊர். சுற்றிலும் 6 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்த அன்சா-பொரேகோ பாலைவனப் பூங்கா. கலிபோர்னியா மாநிலப் பூங்காக்களில் அதுதான் பெரியது. இரும்புத் தகட்டில் செய்த யானை, ஒட்டகம், ரோட்டின் இரண்டு பக்கமும் தலையும் வாலுமாக நிற்கும் கடல் நாகம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. ரிக்கார்டோ பிரெசேடா என்ற சிற்பி செய்தவை.

அங்கெல்லாம் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு முழு வீட்டையே வாடகைக்கு விடுவார்கள். வாசலில் நம்பர் பூட்டு. நம்பரை முன்னதாகவே அனுப்பிவிடுவார்கள். உள்ளே அடுப்பு, பாத்திரம், படுக்கை எல்லாம் தயார். அம்மா இட்லி மாவு, ஊறுகாய், புளிக்காய்ச்சலோடு வந்திறங்கினார். வாடகை எவ்வளவு என்று அப்பா கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே, "ராத்திரி தூங்கத்தானப்பா போறோம்" என்றார்.

சமையலறை மேஜையில் ஒரு ஃபைல். வீட்டுக்காரர் கைப்பட எழுதி வைத்த குறிப்புகள். செருப்பை உதறிவிட்டுப் போடவும், தேள் இருக்கலாம். ராத்திரி வெளிவிளக்கை அணைக்கவும். (2009-லேயே சர்வதேச இருள்வானச் சமூகம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் அது. உலகிலேயே இரண்டாவதாகப் பெற்றது.) குழாயைச் சும்மா திறந்துவிட வேண்டாம். இப்படிப் போகிறது. அதில் ஒன்று: வெளியே நடக்கப் போனால் ஆளுக்கு ஒரு காலன் தண்ணீர் கொண்டுபோகவும். ஒரு காலன் என்றால் கிட்டத்தட்ட 3.8 லிட்டர். நான் சிரித்தேன். "நாலு பேருக்கு 15 லிட்டர், குடத்தைத் தலையில வச்சுக்கிட்டுத்தான் போகணும்" என்று மனைவியிடம் சொன்னேன்.

வீட்டுக் கூரையில் ஏர்கண்டிஷனர் இல்லை, ஈரக் கூலர் இருந்தது. நனைந்த பட்டைகள் வழியாகக் காற்றை இழுத்து உள்ளே அனுப்பும் பெட்டி. அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது நம்ம வெட்டிவேர் தட்டிதானே?" என்றார். சரியாகச் சொன்னார். ஜன்னலில் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கும் அதே தத்துவம்தான். தண்ணீர் ஆவியாகும்போது ஒரு லிட்டருக்குச் சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி. 35 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 10 சதவீதம் என்றால், நல்ல கூலர் 20 டிகிரிக்கு அருகே காற்றைத் தரும். அதே பெட்டியைச் சென்னைப் புழுக்கத்தில் வைத்தால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இதை அப்பா அம்மாவுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். நன்றாகத்தான் எடுத்தேன். அதுதான் பின்னால் எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் பாம் கேன்யன் என்ற பள்ளத்தாக்குக்கு நடக்கப் போனோம். போக வர 3 மைல். 3 மைல் என்றால் 5 கிலோ மீட்டர், இரண்டரை மணி நேரம் என்று கணக்குப் போட்டு, ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்று எடுத்துக்கொண்டேன். இட்லி சாப்பிட்டுக் கிளம்ப ஒன்பதரை ஆகிவிட்டது.

வெறும் பாறையும் முள்ளுமாகப் போகும் பாதையின் கடைசியில் ஓர் ஊற்று. அதைச் சுற்றிக் கும்பலாகப் பனைகள். கலிபோர்னியாவின் சொந்தப் பனை இனம் அது ஒன்றுதான். 2004-ல் வந்த காட்டாற்று வெள்ளம் பல மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு போனது. மிச்சம் நிற்பவை நம் ஊர்ப் பனை மாதிரியே விசிறி ஓலையோடு நிற்கின்றன. காய்ந்த ஓலை விழாமல் மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியது போலத் தொங்குகிறது. அப்பா மரத்தடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். "காவோலையை ஒருத்தனும் கழிக்கலையே" என்றார். காவீயா என்ற பழங்குடி மக்கள் இந்த ஓலையில்தான் வீடு வேய்ந்தார்கள், இதன் பழத்தைச் சாப்பிட்டார்கள் என்று சொன்னேன். "பின்னே? பனை இருந்தா மனுஷன் பிழைச்சுக்குவான்" என்றார். அமெரிக்கா வந்து அவர் மனம் திறந்து பேசிய முதல் நாள் அது.

திரும்பும்போது பதினொன்றரை. அப்பா, "நல்ல ஊருப்பா இது, இவ்வளவு வெயில்ல வேர்க்கவே இல்லை பாரு" என்றார். சட்டை மொடமொடவென்று காய்ந்திருந்தது. நானும் ஆமாம் என்றேன். பாட்டில்கள் எப்போதோ காலி. கால் மணி நேரம் கழித்து அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்தார். "கொஞ்சம் இரு" என்றவருக்கு அடுத்த வார்த்தை குழறியது. என்னைப் பார்த்து என் சித்தப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சித்தப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

நண்பர்களே, அந்த நிமிஷத்தில் என் படிப்பு, உத்தியோகம் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் முந்தானையால் அவருக்கு நிழல் பிடித்தார். பின்னால் வந்த வயதான வெள்ளைக்காரத் தம்பதிதான் காப்பாற்றினார்கள். ஆளுக்கு ஒரு பெரிய தண்ணீர்ப் பை முதுகில். ஒரு துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டார்கள், உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியைத் தண்ணீரில் கரைத்து வாய் வாயாகக் கொடுத்தார்கள். தெளிந்த பிறகு இரண்டு பேருமாகத் தாங்கி நடத்தி வந்தோம். ஊரில் இருந்த மருத்துவ நிலையத்தில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் வீடு திரும்பியதும், "ரசம் இருக்கா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குப் புரிந்திருக்கும். அப்பாவுக்கு வியர்க்காமல் இல்லை. வியர்வை தோலுக்கு வந்த கணமே ஆவியாகிவிட்டது. அந்த வெயிலில் நடந்தால் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகலாம். நம் ஊரில் சட்டை நனையும், நெற்றியில் சொட்டும், உடனே தண்ணீர் கேட்போம். அங்கே எந்த அடையாளமும் இல்லாமல் உடம்பு வற்றும். கூரையில் கூலர் செய்த அதே வேலையைத்தான் அப்பாவின் உடம்பும் செய்துகொண்டிருந்தது. கூலருக்குக் குழாய் இணைப்பு இருந்தது, அப்பாவுக்கு அரை லிட்டர் பாட்டில். முந்தின நாள் ராத்திரி கிலோ ஜூல் கணக்கெல்லாம் சொன்ன நான், காலையில் அதை என் அப்பாவுக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டு விசாரிக்க வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அப்பாவும் அவரும் வாசல் திண்ணையில் உட்கார, நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன். அப்பா கேட்ட முதல் கேள்வி, "இங்க தண்ணி எங்கருந்து வருது?" அவர் விரலால் தரையைக் காட்டினார். "இதிலிருந்துதான். வேறு எங்கிருந்தும் வராது."

அந்த ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் இல்லை, வெளியிலிருந்து குழாயும் இல்லை. மழை வருஷத்துக்கு ஆறு அங்குலம் இருந்தால் அதிகம். நம் விருதுநகர் மாவட்டத்தில் பெய்வது அதைப்போல் ஐந்து மடங்கு. ஆனாலும் அங்கே பல பத்தாண்டுகளாக எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டம், கோல்ஃப் மைதானம் என்று நிலத்தடி நீரை வாரி இறைத்தார்கள். மட்டம் இறங்கிக்கொண்டே போனது. 2014-ல் மாநிலத்தில் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. 2021-ல் நீதிமன்றத் தீர்ப்பு. ஆண்டுக்கு எடுக்கக்கூடியது 5,700 ஏக்கர்-அடி, நம் கணக்கில் சுமார் 700 கோடி லிட்டர் என்று அப்போது நிர்ணயித்தார்கள். 2040-க்குள் எடுப்பதைச் சுமார் நான்கில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்பது அப்போதைய திட்டம். பெரிய கிணறுகளுக்கெல்லாம் மீட்டர். அளவு சேரச் சேர அந்த 5,700-ஐ மறுபடி கணக்கிட வேண்டும் என்பதும் ஏற்பாட்டிலேயே இருந்தது. காய விடப்பட்ட தோட்டங்களை ஊர் ஓரத்தில் நாங்களே பார்த்தோம். சும்மா கிடைத்த ஒழுங்கு இல்லை அது. ஒரு பயிரைத் தியாகம் செய்து வாங்கிய ஒழுங்கு.

அன்று ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வெளியே கட்டிலைப் போட்டுப் படுத்தோம். அவ்வளவு நட்சத்திரம் நான் சின்ன வயசில் ஊர் மொட்டை மாடியில் பார்த்தது. அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நம்ம கிணத்துல படி இருந்துச்சு. இன்னைக்கு எட்டாவது படி தெரியுது, பத்தாவது படி தெரியுதுன்னு பொம்பளைங்க பேசிக்குவாங்க. பத்துக்கு மேல தெரிஞ்சா நான் பருத்தியக் குறைச்சிருவேன். போர் போட்டப்புறம் படி இல்லை. ஸ்விச்சைப் போட்டா வந்துச்சு. ஒருநாள் காத்து வந்துச்சு."

அந்தப் போர் 2012-ல் நின்றது. இன்னொன்று போட்டார், அதுவும் நின்றது. நிலத்தை விற்றார். என் மேற்படிப்புக்காக விற்றார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். முதல் காரணம் தண்ணீர் என்று அந்தத் திண்ணையில்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவின் வியர்வை, அவருடைய போர்வெல், அந்த ஊரின் நிலத்தடி நீர், மூன்றும் ஒரே பாடம்தான். கண்ணுக்குத் தெரிகிற இழப்பை யாரும் பார்த்துக்கொள்வார்கள். தெரியாத இழப்புக்குத்தான் அளவு வேண்டும். அந்த அளவைக் கண்டுபிடித்து, ஊருக்குத் தெரிகிற மாதிரி ஒரு படியாகக் கட்டிக் கொடுப்பதுதான் நம் தொழில்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நாங்கள் படித்தபோது ஹாஸ்டலில் காலை ஆறரைக்குத் தண்ணீர் நின்றுவிடும். பாதி முகத்தில் சோப்போடு வகுப்புக்கு வந்தவர்கள் இந்த அரங்கத்தில் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை, வார்டனைத் திட்டினோம். இந்த வளாகத்தில் எத்தனை போர்வெல், எதில் எத்தனை அடியில் தண்ணீர், போன வருஷத்தைவிட ஏறியதா இறங்கியதா? நேற்று விசாரித்தேன். ஆளுக்கு ஒரு பதில் வந்தது. நீர்மட்டம் அளக்கும் டேப்பும், பம்புகளுக்கு மீட்டரும் வாங்கித் தர எங்கள் செட் நண்பர்கள் பத்துப் பேர் ஒப்புக்கொண்டுவிட்டோம். மாதம் ஒருமுறை அளந்து, மெஸ் வாசலில் பெரிய பலகையில் எழுதி வைக்க வேண்டியது நீங்கள். சிவில்காரர்கள்தான் செய்ய வேண்டும் என்றில்லை. டேப் பிடிக்க எந்த டிபார்ட்மென்ட்டும் போதும்.

அப்பா இப்போது நலமாக இருக்கிறார். இன்று காலை நான் கிளம்பும்போது பையில் இரண்டு லிட்டர் பாட்டிலை வைத்தார். "மைக்ல பேசணும்ல, தொண்டை வத்திரும்" என்றார். பாதி காலியாகிவிட்டது. ஆகவே, இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.