குச்சிக் காட்டு ஓரத்தில் ஒரு வரிசைத் தட்டைப்பயறு

தம்மம்பட்டித் தாய்மார்களே, பெரியோர்களே, உழவர் பெருமக்களே!

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவிலே, சுவேத நதியை ஒட்டி இருக்கிறது நம் ஊர். பாக்கு, குச்சிக் கிழங்கு, வெங்காயம் என்று பல பயிரும் விளைகிற மண். நம் ஊர்க்காரர்கள் செதுக்கும் மரச் சிற்பங்களைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். இத்தனை இருக்கிறதே, நம் வீட்டுக் குழந்தை வயதுக்கேற்ற எடை இருக்கிறதா? இன்று அதைத்தான் பேசப் போகிறோம்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லை. 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள 100 பேரில் 57 பேருக்கு இரத்தசோகை. இது சோறு இல்லாத நாட்டுக் கணக்கு அல்ல. ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிற நாட்டுக் கணக்கு. அப்படியானால் கோளாறு எங்கே? வயிறு நிறைவது வேறு, உடம்பு வளர்வது வேறு. அங்கேதான் கோளாறு.

பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த குழந்தை, ஒரு வயதில் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆக வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்த பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. அப்போதுதான் பல வீடுகளில் கஞ்சித் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்துச் சமாளிக்கிறார்கள். குழந்தை அழவில்லை, விளையாடுகிறது. ஆகவே நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் எடை நின்றுபோயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும்.

இதை நம் நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அந்தந்த ஊர்ப் பெண்ணே ஊட்டச்சத்துப் பணியாளர். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்திவிடுவார்கள். ஊர்த் தாய்மார்கள் குழுவாகச் சேர்ந்து கைகொடுத்தார்கள். "என் பிள்ளைக்கு இந்த மாதம் எடை ஏறலையே, ஏன்?" என்று தாய் தானே கேட்கத் தொடங்கியதுதான் அந்தத் திட்டத்தின் பெரிய வெற்றி.

சரி, ஏன் ஏறவில்லை? நம் பக்கத்துச் சமாசாரம் ஒன்றைச் சொல்கிறேன். குச்சிக் கிழங்கு நமக்குக் காசு தரும் பயிர். சேலம் மாவட்டத்து ஜவ்வரிசி ஆலைகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதைப் பயிரிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 100 கிராம் கிழங்கில் புரதம் சுமார் ஒரு கிராம்தான். ஜவ்வரிசியில் அதுகூட இல்லை. அதே 100 கிராம் தட்டைப்பயறில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட எட்டாது. காடு முழுவதும் கிழங்கு, கையிலே காசு, ஆனால் பிள்ளையின் கிண்ணத்தில் பயறும் இல்லை, கீரையும் இல்லை என்றால் என்ன பிரயோசனம்?

மேலே கொல்லிமலையிலும் இதே கதைதான் நடந்தது. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலத்தில் குச்சிக் கிழங்கு ஏறியது. சாமை குறைந்ததற்கு விலை மட்டும் காரணமில்லை. அதை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களுக்குப் பெரும்பாடு. 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள குழுக்களோடு சேர்ந்து ஊருக்குள் விதை வங்கி வைத்தது, உமி நீக்கும் இயந்திரம் கொண்டு வந்தது. பெண்ணின் கைவலி குறைந்தால்தான் சிறுதானியம் அடுப்புக்கு வரும். இது நாமும் கற்க வேண்டிய பாடம்.

நாம் என்ன செய்யலாம்? கிழங்கு நட்ட முதல் இரண்டரை மாதம் வரிசைகளுக்கு நடுவே இடம் வெறுமனே கிடக்கிறது. அங்கே தட்டைப்பயறோ உளுந்தோ விதையுங்கள். கிழங்கு இலை மூடுவதற்குள் பயறு கைக்கு வந்துவிடும். மண்ணுக்கும் தழைச்சத்து சேரும். வரப்பிலே துவரை, வேலியிலே அவரை. "எங்களுக்கு ஏதுங்க காடு?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். வீட்டுப் புறக்கடையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு பாத்தி அரைக்கீரை போதும். இரண்டு நாட்டுக்கோழி இருந்தால் முட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம். வீட்டுக் கீரைக்குப் பூச்சி மருந்து அடிக்காதீர்கள்.

தனித்தனியாகச் செய்தால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். ஒரு தெருவுக்குப் பத்துப் பேராகச் சேருங்கள். மகளிர் சுய உதவிக் குழு ஏற்கெனவே இருக்கிறதே! ஒருவர் கீரை விதை எடுத்து வைக்கட்டும், ஒருவர் முருங்கைப் போத்து கொடுக்கட்டும். மாதம் ஒரு நாள் கேழ்வரகு நாலு பங்கு, பச்சைப்பயறு ஒரு பங்கு, இரண்டையும் முளைகட்டி உலர்த்தி வறுத்து, வறுத்த நிலக்கடலை ஒரு பங்கு சேர்த்து மொத்தமாக அரைத்துப் பங்கு போடுங்கள். ஆண்பிள்ளைகள் பாத்தி கட்டவும், மில்லுக்கு மூட்டை சுமக்கவும் வரவேண்டும். பிள்ளை இரண்டு பேருக்கும் பிள்ளைதானே!

அந்த மாவைக் கெட்டியாகக் காய்ச்சி, மசித்த கீரையும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்து ஊட்டுங்கள். கரண்டியில் எடுத்தால் வழிந்து ஓடக் கூடாது. ஆறு மாதம் முடிந்ததும் நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதம் முதல் மூன்று நான்கு வேளை. தாய்ப்பால் இரண்டு வயது வரை தொடரட்டும். ஊட்டுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உணவை நிறுத்தாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். ஒரு குழந்தைக்கும் அடுத்ததற்கும் மூன்று வருட இடைவெளி இருந்தால் தாயும் தேறுவாள், மடியில் இருக்கும் குழந்தைக்கும் பால் குறையாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அங்கன்வாடியில் எடை போடும் நாளன்று வேலைக்குப் போகிற அவசரத்தில் குழந்தையை விட்டுவிடாதீர்கள். தாய்க்கு முடியாவிட்டால் பாட்டி தூக்கி வரட்டும். அப்பா தூக்கி வந்தால் இன்னும் நல்லது. அட்டையில் கோடு மேலே போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோடு படுத்திருந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே சொல்லுங்கள். சுகாதார செவிலியர் இருக்கிறார், நாங்கள் இருக்கிறோம், உங்கள் தெருவே இருக்கிறது.