தொழில் சட்டமும் அரச சேவையும்: எங்கள் பிள்ளைகளுக்கு உள்ள வழிகள்

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர மாணவியருக்கு நடத்தப்பட்ட தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரை)



இக்கல்லூரியின் பழைய மாணவியராகிய எங்கள் மூவரிடம் சங்கம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்தது. எங்களில் ஒருவர் தொழில் உத்தியோகத்தர். ஒருவர் அரச கூட்டுத்தாபனமொன்றின் சட்ட உத்தியோகத்தர். மற்றவர் தொழில் நியாயசபையில் தோன்றும் சட்டத்தரணி. மூவரும் கூடியிருந்து எழுதியதே இவ்வுரை.

முதலில் ஒரு சம்பவம். சில வருடங்களுக்கு முன் ஒரு பரிசளிப்பு விழா முடிந்து புறப்படும்போது, எங்களுக்குப் பின் படித்த ஒரு தங்கை வந்து கையைப் பிடித்தார். கடையொன்றில் ஏழு வருடம் வேலை. ஒருநாள் காலையில், “நாளையிலிருந்து வரவேண்டாம்” என்று முதலாளி சொல்லிவிட்டார். ஊழியர் சேமலாப நிதி இலக்கம்கூட அவருக்கு இருக்கவில்லை. எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்டோம். எட்டு மாதம் என்றார். எங்களுக்கு நெஞ்சு திக்கென்றது. நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபையில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கதவு மூடிவிட்டது. “அப்படி ஒரு தவணை இருக்கென்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே, அக்கா” என்றார்.

ஆனால் எல்லாமே போய்விடவில்லை. சேமலாப நிதி நிலுவைக்கும் பணிக்கொடைக்கும் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு எழுதினோம். பதிவேடே இல்லை என்றார் முதலாளி. வருடப்பிறப்புக்கு அவர் தன் கையால் பெயரும் ஆண்டும் எழுதிக் கொடுத்த ஏழு போனஸ் உறைகளை அத்தங்கை பத்திரமாக வைத்திருந்தார். விசாரித்த உத்தியோகத்தர் பொறுமையாகத் தமிழில் கேட்டு, ஒவ்வோர் உறையையும் பதிந்துகொண்டார். முதலாளி பங்கு 12, ஊழியர் பங்கு 8, ஆக நூற்றுக்கு 20 வீதம் என்ற கணக்கில் நிலுவை அறவிடப்பட்டது. அங்கே பதினைந்துக்கு மேற்பட்டோர் வேலை செய்ததால், ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் கிடைத்தது. இழந்த வேலைக்கான நிவாரணம் மட்டும் கிடைக்கவில்லை.

தங்கைமாரே, சட்டம் 1950ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அந்த ஆண்டில் வந்தது. 1957ஆம் ஆண்டின் திருத்தம் தொழில் நியாயசபைகளைத் தந்தது. அந்தச் சட்டத்தை எங்கள் பெண்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்லி நடைமுறைப்படுத்த ஆள் வேண்டும். அதற்குத்தான் உங்களை அழைக்கிறோம்.

வழிகள் பல. முதலாவது, தொழில் உத்தியோகத்தர் பதவி. போட்டிப் பரீட்சை மூலம் ஆட்சேர்ப்பு நடைபெறும். சட்டத்தரணியாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. வேலைத்தலத்துக்குள் சென்று பதிவேடுகளைப் பார்வையிடும் அதிகாரம் இவருக்கு உண்டு. இரண்டாவது, சட்ட உத்தியோகத்தர் பதவி. திணைக்களத்தில் மட்டுமன்றி, கூட்டுத்தாபனங்களிலும் அரச வங்கிகளிலும் இப்பதவி உண்டு. அங்கே ஒழுக்காற்று விசாரணையும் தொழில் நியாயசபை வழக்கும் அன்றாட வேலை. தொழில் வழங்குநர் பக்கத்தில் நிற்கிறோமே என்று தயங்க வேண்டாம். விசாரணை ஒழுங்காக நடந்தால் பாதிப் பிணக்கு அங்கேயே தீரும்.

மூன்றாவது, சட்டமா அதிபர் திணைக்களம். தொழில் ஆணையாளர் நாயகத்தின் தீர்மானத்தை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோருவோருக்குப் பதில் சொல்பவர் அரச சட்டத்தரணியே. நான்காவது, தொழில் நியாயசபைத் தலைவர் பதவி. சட்டத்தரணிகளிடையே தகுதியானவர்களை நீதிச் சேவை ஆணைக்குழு நியமிக்கின்றது. சான்றுக் கட்டளைச் சட்டத்துக்குக் கட்டுப்படாமல், நீதியும் ஒப்புரவும் நோக்கிக் கட்டளையிடும் ஆசனம் அது.

இனி, இவ்வேலைகளைத் தேடும் முறை. வெள்ளிக்கிழமை தோறும் வரும் வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். வயதெல்லையும் தகைமையும் பதவிக்குப் பதவி வேறுபடும். அறிவித்தலை இரண்டு தரம் வாசியுங்கள். பல்கலைக்கழகச் சட்டப் பீடம் கிடைக்காவிட்டால் திறந்த பல்கலைக்கழகமும் சட்டக் கல்லூரியும் இருக்கின்றன. பயிலுநர் காலத்தில், தொழில் நியாயசபையில் தோன்றும் ஒருவரின் கீழ் சேருங்கள். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் ஒதுக்கி வைக்காதீர்கள். எங்களில் ஒருவர் முப்பது வயதுக்குப் பின் சிங்களம் எழுதப் பழகி, மொழிப் பரீட்சையில் இரண்டாம் தரமே சித்தியடைந்தார். அது யாரென்று சொல்லமாட்டோம்!

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஓர் அறிவித்தலுக்கும் அடுத்ததற்கும் இடையில் வருடங்கள் போகலாம். சும்மா காத்திராதீர்கள், வழக்குகளில் தோன்றுங்கள், தொழிற்சங்கங்களுக்கு உதவுங்கள். அந்த அனுபவம் நேர்முகப் பரீட்சையில் உங்களுக்காகப் பேசும்.

கடல் கடந்து வாழும் அக்காமாருக்கும் ஒரு விண்ணப்பம். கட்டடங்களுக்கு நீங்கள் அள்ளித் தந்தீர்கள். சட்டம் படிக்கும் ஒரு பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணமும் புத்தகமும் கொடுத்து, மாதம் ஒருமுறை தொலைபேசியில் ஆங்கிலம் பேசிப் பழக்கினால் அது நூற்றாண்டுக்கு ஏற்ற கொடை.

அந்தத் தங்கையின் முறைப்பாட்டை விசாரித்த உத்தியோகத்தர் எங்களில் ஒருவர் அல்லர். ஆனால் அவரும் இந்த மண்டபத்தில் காலைப் பிரார்த்தனைக்கு நின்றவரே. அடுத்த முறை அப்படியொருவர் ஆறாவது மாதத்துக்கு முன்னரே வந்து கேட்க, மேசைக்கு மறுபக்கத்தில் உங்களில் ஒருவர் இருக்கவேண்டும்.